கேளுங்க சொல்றேன்: மைக்கு முன்னாடி நின்னா வாய் ஏன் ஒட்டிக்குது?

இந்த தடவ வந்த கடுதாசி, வாட்சப் எல்லாத்தையும் பிரிச்சு போட்டு பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், மேடையில பேசறது. ஜூலை நெருங்குனாலே நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் அப்படித்தான், 15ஆம் தேதி காமராசர் பொறந்த நாளுக்கு ஸ்கூல் ஸ்கூலா பேச்சுப்போட்டி, அடுத்த மாசம் 15 கிராம சபை, நடுவுல ரிட்டயர்மென்ட் பாராட்டு விழா, ஆடித் திருவிழா மேடைனு எவனாவது ஒருத்தன் கையில மைக்க குடுத்துடறான். அதனால இந்த இதழ் முழுக்க பேச்சு பத்தி மட்டும்தான். மூட்டு வலி, பட்டா மாறுதல் கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

நான் 9ஆம் வகுப்பு படிக்கறேன். போன வருஷம் காமராசர் பத்தி 3 பக்கம் மனப்பாடம் பண்ணிட்டு போனேன், நாலாவது வரியிலயே மறந்து போச்சு, அழுதுட்டே எறங்கிட்டேன். இந்த வருஷமும் பேர் குடுத்திருக்காங்க. மறக்காம இருக்க என்ன பண்ணணும்? (மாணவி, பாலக்கோடு)

அழுதது தப்பில்ல கண்ணு, எறங்குனதும் தப்பில்ல. 3 பக்கத்த அப்படியே முழுங்குனதுதான் தப்பு, அதுவும் உன் தப்பு கெடையாது, எழுதிக் குடுத்தவங்க தப்பு. நான் ரொம்ப வருஷமா இந்த போட்டிகளுக்கு நடுவரா போயிட்டிருக்கேன், "கல்விக்கண் திறந்த கர்மவீரர்"னு ஆரம்பிக்கற பேச்ச ஒரே காலையில இருவது தடவ கேட்டிருக்கேன், பதினோராவது புள்ள வாய தெறக்கும்போதே அடுத்த வரி எனக்கு வந்துடும். மனப்பாடம் கெணத்து கயிறு மாதிரி, ஒரு எடத்துல அறுந்தா வாளியும் போச்சு தண்ணியும் போச்சு.

நானும் அந்த கெணத்துல விழுந்தவன்தான். அரூர் பக்கம் ஒரு ஸ்கூல் ஆண்டு விழா, எனக்கு அப்ப இருவத்தாறு வயசு இருக்கும், முழு நீள பேப்பர்ல 11 பக்கம் எழுதிட்டு போனேன், எதுகை மோனை எல்லாம் போட்டு. மூணாவது பக்கத்துல கரண்ட் போச்சு. மைக் போனா என்ன, கத்தி பேசிக்கலாம், ஆனா எனக்கு பேப்பர் தெரியலயே! நான் எழுதுனதுதான், நான் சொல்ல வந்ததுதான், ஆனா இருட்டுல ஒரு வரி கூட வாயில வரல. "லைட் வரட்டும்"னு உக்காந்துட்டேன். கரண்ட் திரும்ப வந்தப்ப பாதி சேர் காலி, எல்லாம் வெளிய சுண்டல் வாங்க போயிட்டாங்க. சால்வைய மட்டும் கரெக்டா போட்டு அனுப்பிச்சாங்க.

அதுக்கப்புறம் நான் புடிச்சுக்கிட்ட வழி ஒண்ணே ஒண்ணுதான், மொதல்ல பேசு, அப்புறம் எழுது. நீ பேனாவ எடுக்காத. நேரா உன் பாட்டிகிட்ட போயி உக்காரு, போன்ல ரெக்கார்ட் போட்டுக்கோ, "பாட்டி, நீ ஸ்கூல் போனப்ப மதியம் என்ன போடுவாங்க"னு கேளு. கோதுமை ரவையோ, அலுமினிய தட்டோ, சோத்துக்காகவே ஸ்கூலுக்கு போன கதையோ ஏதாச்சும் ஒண்ணு வரும். காமராசர் 1954ல இருந்து 1963 வரைக்கும் முதலமைச்சரா இருந்தப்பதான் மதிய உணவு திட்டம் ஊர் ஊரா பரவுச்சு, உன் பாட்டி தட்டு அங்கதான் வந்து சேருது. இப்ப அத உன் ஃப்ரெண்டுக்கு சொல்ற மாதிரி வாயால சொல்லு, அதையும் ரெக்கார்ட் பண்ணு. ரெண்டு மூணு தடவ சொன்னப்புறம் கேட்டுப் பாத்து எழுது. அந்த பேச்சு மறக்காது, ஏன்னா அது உன் வாயிலயிருந்து வந்தது, பேப்பர்லயிருந்து இல்ல. மொத வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடம் பண்ணு, நடுவுல இருக்கறதுக்கு உள்ளங்கை சைஸ் அட்டையில நாலு வார்த்தை போதும்: தட்டு, ரவை, பாட்டி படிச்சது, நான் படிக்கறது. அவ்ளோதான்.

இன்னொண்ணு சொல்றேன், பெரிய ஆளுங்களுக்கும் இதேதான். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன்ல மார்ட்டின் லூதர் கிங் ரெண்டு லட்சம் பேருக்கு மேல இருந்த கூட்டத்துல எழுதி வெச்ச பேச்சத்தான் படிச்சிட்டிருந்தாரு, பக்கத்துல இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் "அந்த கனவ பத்தி சொல்லுங்க"னு குரல் குடுக்கவும் பேப்பர விட்டுட்டு பேச ஆரம்பிச்சாரு, இன்னிக்கி உலகமே ஞாபகம் வெச்சிருக்கறது அந்த பகுதியத்தான். ஆஹா திடீர்னு வந்துச்சுனு நெனைக்காத, அந்த கனவு விஷயத்த அவரு அதுக்கு முன்னாடியே வேற வேற ஊர்ல பேசி பழகியிருந்தாரு, ரெண்டு மாசம் முன்னாடி டெட்ராய்ட்லயும் பேசுனாரு. வாய் ஏற்கனவே நடந்த பாதையில கண்ண மூடிட்டு கூட நடக்கும். நடுவுல நின்னு போனா நின்னுக்கோ, மூச்சு விடு, அட்டைய பாரு. உனக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும், எங்களுக்கு ரெண்டு செகண்ட்தான்.

எங்க குக்கிராமத்துல காவேரி தண்ணி சரியா வர்றதில்ல, போர் தண்ணியத்தான் குடிக்கறோம். கிராம சபையில பேசணும்னு குழு பொம்பளைங்க என்னைய நிறுத்தறாங்க. போன தடவ கோவத்துல கத்திட்டேன், எல்லாரும் சிரிச்சிட்டாங்க. (மகளிர் குழு செயலாளர், பென்னாகரம் வட்டம்)

கோவம் நியாயமானதுங்கம்மா. நம்ம மாவட்டத்துல போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கறது ஊரறிஞ்ச விஷயம், லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராம் தாண்டுனா பல்லுல கற விழும், வருஷக்கணக்கா குடிச்சா எலும்பு வரைக்கும் போகும். அதுக்குத்தான 2008ல அடிக்கல் நாட்டி ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் கொண்டாந்து 2013ல தொறந்தாங்க. ஆனா இதெல்லாம் நீங்க அங்க சொல்ல வேணாம், அங்க உக்காந்திருக்கற அதிகாரிக்கு இது தெரியும். அவருக்கு தெரியாதது உங்க தெரு மட்டும்தான்.

கத்துனா எதுக்கு சிரிக்கறாங்க தெரியுமா, கத்தும்போது எல்லாரும் உங்க மொகத்த பாப்பாங்க, கொடத்த பாக்க மாட்டாங்க. கொடத்த காட்டுங்க. ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுல எழுதுங்க, எந்த நாள் தண்ணி வந்துச்சு, எத்தன மணிக்கு, வீட்டுக்கு எத்தன கொடம். அப்புறம் தண்ணி நல்லா வர்ற மேல் தெருவுலயும் ஒரு தோழிய எழுத சொல்லுங்க. கூட்டத்துல எழுந்து நின்னு ரெண்டு நோட்டையும் அடுத்தடுத்து படிங்க, "மேல் தெருவுல இத்தன, எங்க தெருவுல இத்தன." அவ்ளோதான், ஒரு பெருமூச்சு கூட வேணாம்.

இது நான் கண்டுபுடிச்ச வித்தை இல்லைங்க, நம்ம ஊரு சரக்குதான். தகடூர், அதான் நம்ம தருமபுரி, அத ஆண்ட அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போன கதை தெரியுமில்ல, புறநானூறுல 95ஆவது பாட்டு. தொண்டைமான் தன்னோட ஆயுத சாலைய காட்டி பெருமை அடிக்கறான், அந்தம்மா பயமுறுத்தல, திட்டல. உன் வேலெல்லாம் மயில் பீலி கட்டி மால போட்டு நெய் பூசி காவல் போட்ட மாளிகையில இருக்குது, எங்காளு வேலெல்லாம் பகைவர குத்தி குத்தி மொனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. மொத்தமே 9 அடி. பாராட்டற மாதிரியே இருக்கும், ஆனா உள்ள போயி குத்தும். ரெண்டு பொருள பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க, மிச்சத்த கேக்கறவனே நெனச்சுக்கிட்டான். உங்க ரெண்டு நோட்டும் அதே வேலைய செய்யும்.

அப்புறம் முக்கியமான ஒண்ணு, நெறய பேரு விட்டுடறாங்க. கிராம சபையில எவ்ளோ நல்லா பேசுனாலும் தீர்மான நோட்டுல ஏறலைனா அது காத்தோட போச்சு. அதனால உங்க பேச்ச கடைசியிலயிருந்து எழுதுங்க. மொதல்ல தீர்மான வாசகத்த ஒரே வாக்கியமா எழுதிக்கோங்க, இன்ன தெருவுக்கு இன்ன டேங்க்லயிருந்து இன்ன இடைவெளியில தண்ணி விடணும்னு, அப்புறம் அதுக்கு மேல என்ன சொன்னா அது நியாயம்னு தெரியுமோ அத மட்டும் சேருங்க. பேசி முடிச்சதும் "இத தீர்மானமா எழுதிக்கோங்க, நான் மறுபடியும் படிக்கறேன்"னு மெதுவா படிங்க, எழுதறவர் கை உங்க வாய்க்கு ஈடு குடுக்கற வேகத்துல. எழுதுனத வாசிச்சு காட்ட சொல்லிட்டுத்தான் உக்காரணும். முன்னெல்லாம் வருஷத்துக்கு 4 கிராம சபை, இப்ப மார்ச் 22, நவம்பர் 1 சேத்து 6 ஆச்சு, ஒண்ணுல நடக்கலைனா அடுத்ததுல அதே நோட்டோட போய் நில்லுங்க.

மாங்கனி கண்காட்சி சமயத்துல விவசாயிங்க கருத்தரங்கத்துல 10 நிமிஷம் பேச கூப்புட்டிருக்காங்க. முப்பது வருஷ அனுபவம், எத சொல்ல எத விட? (மா விவசாயி, போச்சம்பள்ளி)

ஒரு மரத்துல பூத்த பூவெல்லாம் காயாகணும்னு ஆசப்பட்டா கெள ஒடிஞ்சுடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா அண்ணா.

கணக்கு போடுவோம். நான் கடிகாரம் வெச்சு பாத்த வரைக்கும் நம்மாளுங்க மேடையில நிதானமா பேசுனா நிமிஷத்துக்கு 80, 90 வார்த்தை. 10 நிமிஷம்னா 900 வார்த்தைக்கு உள்ள. வணக்கம், நன்றி, நடுவுல சிரிப்பு, ஒரு வாய் தண்ணி எல்லாம் போக 700தான் உங்க கையில. கவாத்து, பூ உதிர்றது, தத்துப்பூச்சி, பெங்களூரா மாங்காய்க்கு கூழ் ஃபேக்டரிக்காரங்க வைக்கற வெல, எல்லாத்தையும் 700 வார்த்தையில அடைச்சா ஒண்ணுத்துக்கு 175 வரும், எதுவும் யாருக்கும் பிரயோஜனப்படாது. ஒண்ண எடுங்க. எத எடுக்கறதுனு கேட்டா, டீக்கடையில ஆளுங்க உங்ககிட்ட திரும்ப திரும்ப எத கேக்கறாங்களோ அத.

அதுலயும் ஜெயிச்ச வருஷத்த சொல்லாதீங்க, தோத்த வருஷத்த சொல்லுங்க. "நான் கவாத்து பண்ணி மகசூல் கூடுச்சு"னா மத்த விவசாயி கைய கட்டிட்டு உக்காந்திருப்பாரு, "அந்த வருஷம் தப்பான மாசத்துல வெட்டிட்டேன், பூவே எடுக்கல, எங்க வீட்டம்மா என்கிட்ட ஒரு வாரம் பேசல"னா முன்னாடி சாஞ்சு கேப்பாரு. முடிஞ்சா வெட்டுன கெளய கையோட எடுத்துட்டு போங்க, எந்த கணுவுல வெட்டணும்னு காட்டுங்க, பவர்பாயின்ட்ட விட பெட்டர்.

மேடையில நெறய பெரியவங்க இருப்பாங்க, "மாண்புமிகு அவர்களே, மதிப்புக்குரிய அவர்களே"னு ஒவ்வொருத்தரையும் கூப்புட்டா அதுலயே ரெண்டு நிமிஷம் போயிடும், அதுலயும் ஒருத்தர் பேர விட்டுட்டா சாப்பாட்டு பந்தி வரைக்கும் மொகத்த திருப்பிட்டு இருப்பாரு. தலைமை தாங்கறவர ஒரு தடவ சொல்லிட்டு "மேடையில இருக்கற எல்லாருக்கும், முன்னாடி இருக்கற சக விவசாயிங்களுக்கும் வணக்கம்"னு முடிச்சுடுங்க. ஒருத்தரும் கோச்சுக்க மாட்டாங்க, எல்லாருக்கும் பசி.

என் குரல் மெல்லிசு. கர்ஜிக்கற மாதிரி பேசுனாத்தான் பேச்சாளர்னு ஒத்துக்கறாங்க. (கல்லூரி மாணவர், பாப்பாரப்பட்டி)

தம்பி, உங்க ஊர்லயே சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் இருக்குது, ஒரு நாள் சாயங்காலம் போய் உக்காருங்க. 1908ல தூத்துக்குடி பக்கம் வஉசியோட சேந்து பேசுன பேச்சுக்காகவே ஜெயிலுக்கு போன மனுஷன், ஜெயில்ல தொழுநோய் வந்துச்சு, தொழுநோயாளிங்க ரயில்ல ஏறக்கூடாதுனு வெள்ளக்காரன் தடுத்தப்ப நடந்தும் கட்ட வண்டியிலயும் ஊரூரா போயி பேசுனாரு, 1925ல உங்க ஊர்லதான் உயிர் போச்சு. மைக் இல்லாத மைதானத்துல கடைசி ஆளுக்கு கேக்கணும்னா கர்ஜிச்சுத்தான் ஆகணும். நமக்கு மைக் இருக்குது, ஆனா நாம இன்னும் மைக் இல்லாத காலத்து தொண்டைய வெச்சுக்கிட்டு மைக்குல கத்தறோம், அதான் பிரச்சினையே. பத்துக்கு பத்து க்ளாஸ் ரூம்ல "ஏ தாழ்ந்த தமிழகமே"ங்கற ரேஞ்சுல கத்தற பசங்கள பாத்தா எனக்கு பாவமா இருக்கும், நரம்பு பொடச்சுக்குது.

மெல்லிசு குரலுக்கு மைக்க வாய்ல இருந்து நாலு வெரல் தள்ளி, தாடைக்கு கொஞ்சம் கீழ புடிங்க, "ப" "பு" எல்லாம் டப்பு டப்புனு வெடிக்காது. ஸ்பீக்கர் பாக்ஸ பாத்து மைக்க நீட்டாதீங்க, பாக்ஸ்ல வர்ற சத்தம் மறுபடி மைக்குல போயி சுத்தி சுத்தி ஏறி "கீ…"னு கத்தும், எல்லாரும் சவுண்ட் சர்வீஸ்காரர திட்டுவாங்க, அவர் என்ன பண்ணுவாரு. முக்கியமான வரிய சத்தமா சொல்றதுக்கு பதிலா மெதுவா சொல்லுங்க, சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நிறுத்துங்க. வாக்கியத்தோட கடைசி வார்த்தைய முழுங்காதீங்க, தமிழ்ல வினைச்சொல்லே கடைசியிலதான் வருது, அத முழுங்குனா "செஞ்சாங்களா, செய்யலயா"னே தெரியாது. மெல்லிசு குரல்காரங்க செய்யற பெரிய தப்பு இதுதான், குரல் இல்ல.

வீட்ல தெலுங்கு, வெளிய கன்னடம், ஆபீஸ்ல தமிழ். தமிழ்ல பேசுனா பசங்க ஓட்டறாங்க. கம்பெனி ஃபங்ஷன்ல பேச சொல்லியிருக்காங்க. (ஒசூர்)

ஒசூர்ல மூணு பாஷ பேசறவர பாத்து ஒரு பாஷக்காரன் சிரிக்கறானா, நல்லா இருக்குதே! தெலுங்குலயும் கன்னடத்துலயும் ல, ள ரெண்டும் இருக்குது, ன, ண ரெண்டும் இருக்குது, அதுல நெறய தமிழ்க்காரங்கள விட நீங்க சுத்தமா சொல்லுவீங்க. உங்களுக்கு புதுசு ழ மட்டும்தான், பழைய கன்னடத்துல அதுவும் இருந்துச்சு, அப்புறம் வழக்கொழிஞ்சு போச்சு. நாக்க மேல மடிச்சு எங்கயும் ஒட்டாம விடுங்க, ஒட்டுனா ள. கண்ணாடி முன்னாடி வாழ, கோழி, கெழவினு ஒரு வாரம் சொல்லுங்க. அதுக்கும் வரலைனா பேச்சுல ழ கம்மியா வர்ற வார்த்தையா போட்டுக்கோங்க, "மகிழ்ச்சி"க்கு பதிலா "சந்தோஷம்", ஒருத்தரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. மொத வாக்கியத்த மூணு பாஷையிலயும் சொல்லி ஆரம்பிங்க, ஓட்டறவன் வாய மூடிக்குவான்.

பெரிய கம்பெனிகள்ல டோஸ்ட்மாஸ்டர்ஸ் க்ளப் இருக்கறது உண்டு, 1924ல அமெரிக்காவுல ஸ்மெட்லினு ஒருத்தர் ஆரம்பிச்சது. அங்க ஒரு ஆள் நீங்க எத்தன தடவ "ஆ, உம்" போட்டீங்கனு எண்ணிட்டே இருப்பாரு, 5 நிமிஷம் ஆனா பச்ச லைட், 6க்கு மஞ்ச, 7க்கு செவப்பு. எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தா நம்ம ஊர் பாராட்டு விழா மேடை எல்லாத்துலயும் அந்த செவப்பு லைட்ட மாட்டுவேன். அந்த மாதிரி க்ளப் கெடைக்கலைனா ஃப்ரெண்டு ஒருத்தர உக்கார வெச்சு "இப்ப பாத்தீங்கன்னா", "வந்து", "என்னன்னா" எத்தன தடவ வருதுனு கோடு போட சொல்லுங்க. எனக்கு ஒருத்தர் போட்டு காட்டுனாரு, 6 நிமிஷத்துல 41 "பாத்தீங்கன்னா".

ரிட்டயர்மென்ட் விழாவுக்கு ஏஐ-ல பேச்சு எழுதி வாங்கலாமா? (ஆசிரியர், காரிமங்கலம்)

வாங்கலாம், ஆனா ரிட்டயர் ஆகறவர் சைக்கிள் செயின் கழண்டு போயி கை முழுக்க மையோட க்ளாசுக்கு வந்த அன்னிக்கி நீங்கதான சார் பக்கத்துல இருந்தீங்க, அது அதுக்கு எப்படி தெரியும். "அயராத உழைப்பு, அன்பான பேச்சு"னு எழுதிக் குடுக்கும், அத எவருக்கு வேணா படிக்கலாம், அடுத்த வருஷம் உங்களுக்கே படிப்பாங்க. அவரோட வேல பாத்ததுல ஒரு நாள எடுத்துக்கோங்க, ஒரே ஒரு நாள், அத முழுசா சொல்லிட்டு உக்காருங்க.

கை நடுங்குது, நாக்கு வறண்டு போகுது. மாத்திர ஏதாச்சும் இருக்கா? (பேர் வேண்டாம், காவேரிப்பட்டினம்)

மாத்திர விஷயம் டாக்டர்கிட்ட. புலிய பாத்தா ஒடம்பு எதுக்கு தயாராகுமோ அதுக்குத்தான் கூட்டத்த பாத்தும் தயாராகுது, அட்ரினலின் ஏறி நெஞ்சு அடிச்சுக்குது, எச்சி சுரக்கறது கொறையுது. மூச்ச இழுக்கறத விட வெளிய விடறத நீளமா விடுங்க, பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு எட்டு பத்து தடவ. பேப்பர கையில புடிக்காதீங்க, கை நடுங்கறத பேப்பர்தான் ஊருக்கே சொல்லும், அட்டைய மேசையில வைங்க. மேசை இல்லாத மேடைனா மைக்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோங்க. ஐஸ் தண்ணி வேணாம், சாதா தண்ணி ஒரு வாய். மொத ஒரு நிமிஷம்தான் இந்த ஆட்டம், அதனாலதான் மொத வரிய மட்டும் மனப்பாடம் பண்ண சொன்னது.

பேசும்போது முன்வரிசையில ஒருத்தர் தூங்கிட்டாரு. என்ன பண்றது? (மாரண்டஹள்ளி)

என்ன டைம் அது? மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம்னா தூங்கட்டும் விடுங்க, பாவம் காலையில தக்காளி பறிச்சு மார்க்கெட்ல எறக்கிட்டு வந்தவரா இருக்கும். குறட்ட விட்டா மட்டும் பக்கத்துல இருக்கறவர பாத்து கண்ண காட்டுங்க.